பொன்னும் வெள்ளியும் கண்ணாடியில் கலந்த வரலாறு



நமது ஆலயத்தின் கிழக்குச் சாளரத்தை நாம் அனைவரும் அறிவோம். காலைத் திருப்பலி வேளையில் கதிரவன் எழும்பியதும், அச்சாளரத்தின் வண்ணங்கள் ஆலயத்தின் தரையில் சிவப்பும் மஞ்சளுமாய் வந்து விழுகின்றன. அதே சாளரத்தை வெளியே கெபியருகே நின்று பார்த்தாலோ, கரிபடிந்த பலகை போல் மங்கித் தோன்றுகின்றது. "உள்ளே போனா சிவப்பு, வெளியே வந்தா கறுப்பு, அது ஏன்?" என்பது மறைக்கல்வி வகுப்புச் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாய்க் கேட்டுவரும் கேள்வி.

கறுப்புக்குக் காரணம் எளிது. பகலில் வெளிச்சம் வெளியிலிருந்து உள்ளே செல்கின்றதேயன்றி, உள்ளிருந்து வெளியே வருவதில்லை. ஆனால் அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? கண்ணாடிக்குள் சிவப்புச் சாயம் ஏதும் கரைக்கப்பட்டிருக்கின்றதா? இக்கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டால், ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கின்றது. அவ்வழியில் உரோமையரையும், மடத்துத் துறவிகளையும், கண்ணாடி உலைமுன் நின்ற ஒரு குருவானவரையும், அறிவியலார் பலரையும் சந்திக்கின்றோம். நம் பங்கின் பொன்விழா மலரில் பொன்னையும் வெள்ளியையும் பற்றிப் பேசுவது பொருத்தமே எனக் கருதி, இவ்வரலாற்றைச் சுருக்கமாக எழுதத் துணிந்தோம்.

இரு நிறங் காட்டும் கிண்ணம்

இலண்டன் மாநகரிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கின்றது. உயரம் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர். கி.பி. 4ஆம் நூற்றாண்டில், உரோமைப் பேரரசில் செய்யப்பட்டது. மாமன்னர் கான்ஸ்டன்டைன் 313இல் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டுரிமை அளித்ததும், 325இல் நீசேயாப் பொதுச்சங்கம் கூடியதும் அந்த நூற்றாண்டில்தான். எனினும் இக்கிண்ணம் கிறிஸ்தவக் கலைப்பொருளன்று. திராட்சை இரசத்தின் தெய்வமென அக்காலத்தார் கருதிய தியோனிசியுவைப் பகைத்த லைக்கர்கசு என்னும் அரசன், திராட்சைக் கொடியில் சிக்குண்டு தவிக்கும் பழங்கதை அதன்மீது புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது. ஆகவே லைக்கர்கசுக் கிண்ணம் எனப் பெயர் பெற்றது.

செதுக்கு வேலை வியப்புக்குரியதே. தடித்த கண்ணாடிப் பாத்திரம் ஒன்றை எடுத்து, உருவங்கள் சுவரினின்று விலகிக் கூண்டுபோல் நிற்கும்வரை பொறுமையாய்த் தேய்த்துத் தேய்த்து எடுத்திருக்கின்றார்கள். ஆனால் அதைவிடப் பெரிய வியப்பு அதன் நிறம். முன்னாலிருந்து வெளிச்சம் பட்டால் கிண்ணம் பச்சை. பாசி படிந்த கல்லைப்போல் ஒளிபுகாத பச்சை. கிண்ணத்தின் உள்ளேயோ பின்னாலோ விளக்கை வைத்தால் அதே கண்ணாடி மாணிக்கம்போல் சிவந்துவிடுகின்றது. இத்தகைய இருநிறக் கண்ணாடியால் ஆன உரோமைப் பொருள்கள் வேறு சில உடைந்த துண்டுகளாய்க் கிடைத்துள்ளன. முழுமையாய் எஞ்சியது இது ஒன்றே.

ராத்சைல்டு குடும்பத்தாரிடமிருந்த இக்கிண்ணத்தை அருங்காட்சியகம் 1958இல் விலைக்கு வாங்கியது. அதன்பின் ஆய்வு தொடங்கிற்று. சிறு சில்லு ஒன்றை வேதியியல் முறையில் சோதித்தபோது, கண்ணாடியில் மிகச் சொற்ப அளவில் பொன்னும் வெள்ளியும் இருப்பது தெரியவந்தது. ஒரு கிலோ கண்ணாடிக்குப் பொன் ஏறத்தாழ 40 மில்லிகிராம். வெள்ளி ஏறத்தாழ 300 மில்லிகிராம். நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் புரியும் கணக்கில் சொன்னால், அந்தப் பொன் ஒரு சவரனில் இருநூறில் ஒரு பங்கு! இந்தத் துளிப் பொன் எப்படி ஒரு பாத்திரத்தையே நிறம் மாற்றும்?

1990இல் பார்பர், பிரீஸ்டோன் என்னும் இரு ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழியாக அந்தச் சில்லை ஆராய்ந்து விடை வெளியிட்டார்கள். கண்ணாடிக்குள் 50 முதல் 100 நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் சிதறிக் கிடந்தன. நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. அத்துகள்களில் ஏறத்தாழ ஆயிரத்தை வரிசையாய் அடுக்கினால்தான் ஒரு தலைமயிரின் கனம் வரும். அவை பொன் துகள்களுமல்ல, வெள்ளித் துகள்களுமல்ல. ஒவ்வொரு துகளிலும் வெள்ளி ஏறத்தாழ ஏழு பங்கும், பொன் மூன்று பங்கும், சிறிது செம்பும் ஒன்றாய் உருகிக் கலந்திருந்தன.

நிறம் பிறக்கும் விதம்

கட்டிப் பொன் மஞ்சளாய் மின்னுகின்றது; கட்டி வெள்ளி வெண்மையாய்ப் பளபளக்கின்றது. ஆனால் இவ்வுலோகங்களை மிக மிக நுண்ணிய துகள்களாக்கிக் கண்ணாடியில் விதைத்தால் அவற்றின் நிறமே வேறாகிவிடுகின்றது. உலோகத்தினுள் எலெக்ட்ரான்கள் கட்டின்றி உலவுகின்றன. துகள் சிறியதாயிருக்கும்போது, அதன்மேல் ஒளியலை பட்டதும் அந்த எலெக்ட்ரான்கள் அனைத்தும் ஒன்றாய் இங்குமங்கும் அசைகின்றன. ஊஞ்சலை அதன் தாளத்திற்கேற்பத் தள்ளினால்தான் அது உயர எழும்பும். அதுபோல, குறிப்பிட்ட ஒரு நிறத்து ஒளியே அந்த அசைவின் தாளத்திற்குப் பொருந்துகின்றது. அந்நிறத்தைத் துகள் பிடித்துக்கொள்கின்றது. எஞ்சியது கண்ணாடி வழியே நம் கண்ணை வந்தடைகின்றது.

பொன் துகள்கள் பச்சைப் பகுதியைப் பிடித்துக்கொள்வதால் சிவப்பு மிஞ்சுகின்றது. வெள்ளித் துகள்கள் ஊதா, நீலப் பகுதியைப் பிடித்துக்கொள்வதால் மஞ்சள் மிஞ்சுகின்றது. இரண்டையும் கலந்தால்? பொன் துகள்களையும் வெள்ளித் துகள்களையும் தனித்தனியே செய்து ஒரே பாத்திரத்தில் சேர்த்துவைத்தால், ஒவ்வொன்றும் தன் நிறத்தைத்தான் பிடிக்கும். ஆனால் ஒவ்வொரு துகளுக்குள்ளும் பொன்னும் வெள்ளியும் ஒன்றாய்க் கலந்துவிட்டால், அது பிடிக்கும் நிறம் நீலத்திற்கும் பச்சைக்கும் இடையே ஒரே இடத்தில் அமைகின்றது. பொன்னின் பங்கு கூடக்கூட அந்த இடம் படிப்படியாய்ப் பச்சையை நோக்கி நகர்கின்றது. 1999இல் வெளியான ஓர் ஆய்வு இதனை அளந்தே காட்டிற்று. அருகருகே நிற்பது வேறு, ஒன்றாய்க் கலப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உரோமைக் கிண்ணத்தின் துகள்கள் சற்றே பெரியவை. ஆதலால் அவை ஒளியைப் பிடித்துக்கொள்வதோடு நில்லாமல், பச்சைப் பகுதியைச் சிதறடித்து வந்த திசைக்கே திருப்பவும் செய்கின்றன. முன்னால் நிற்பவருக்குக் கிண்ணம் பச்சை. ஊடுருவிச் செல்லும் ஒளியிலோ சிவப்பே எஞ்சுவதால், மறுபுறம் நிற்பவருக்குக் கிண்ணம் சிவப்பு.

இதனைச் செய்தவர்கள் அறிந்து செய்தார்களா, அல்லது உலையில் தற்செயலாய் விழுந்த உலோகத்தால் நேர்ந்ததா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. எவ்வாறாயினும், செய்முறையை விளக்கும் ஏடு எதையும் அவர்கள் நமக்கு விட்டுச்செல்லவில்லை. அந்தக் கைகளோடு அந்த வித்தையும் மறைந்தது.

ஆலயச் சாளரங்களின் சிவப்பும் மஞ்சளும்

இடைக்காலத்தில் ஐரோப்பாவின் பேராலயங்கள் வண்ணக் கண்ணாடியால் நிறைந்தன. பிரான்சு நாட்டுச் சார்த்தர் பேராலயம் 1194இல் தீக்கிரையாகி மீண்டும் எழும்பியபோது, அதன் சாளரங்கள் 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொருத்தப்பட்டன. பாரீசு மாநகரின் சேன்த் சாப்பல் என்னும் திருச்சிற்றாலயம் 1248இல் அர்ச்சிக்கப்பட்டது. அதன் சுவர்களே கண்ணாடியோ என எண்ணத்தக்க வகையில் சாளரங்கள் உயர்ந்து நிற்கின்றன. எழுத்தறியாத மக்களுக்கு அவையே விவிலியமாய் விளங்கின என்பது நாம் பலமுறை மறையுரைகளில் கேட்டதே.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவுபடுத்துவது நம் கடமை. பழைய ஆலயச் சாளரங்களின் சிவப்பு பொன்னால் ஆனது என்று பலரும் சொல்வதுண்டு. நாமும் நெடுநாள் அவ்வாறே நம்பியிருந்தோம். ஆனால் சோதித்துப் பார்த்ததில், இடைக்காலச் சிவப்புக் கண்ணாடியின் நிறம் பெரும்பாலும் செம்பினால் வந்தது எனத் தெரிகின்றது. செம்பும் பொன்னைப்போலவே நுண்துகளாகிக் கண்ணாடியைச் சிவக்கச் செய்யும். அந்நிறம் மிக அடர்த்தியானது. எனவே நிறமற்ற கண்ணாடிமேல் மெல்லிய சிவப்புப் படலமாகவே அதனைப் பூசினர். பொன் அல்ல, செம்புதான் என்பதால் அச்சாளரங்களின் மாட்சி ஒரு சிறிதும் குறைந்துவிடாது. ஏழை விதவையின் இரு காசுகளை நம் ஆண்டவர் மதித்ததை நாம் அறிவோமன்றோ?

வெள்ளி மட்டும் ஆலயத்திற்குள் உண்மையாகவே நுழைந்தது. பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில் மெனில் வில்மான் என்னும் சிற்றூரின் பங்கு ஆலயத்தில் 1313ஆம் ஆண்டைச் சேர்ந்த சாளரம் ஒன்று உண்டு. வெள்ளியால் மஞ்சள் நிறமூட்டப்பட்ட கண்ணாடிகளில் காலம் உறுதியாய்த் தெரிந்த மிகப் பழையவற்றுள் அது ஒன்று. வெள்ளிச் சேர்மத்தைக் களிமண்ணோடு குழைத்துக் கண்ணாடியின்மேல் பூசிச் சூளையிலிட்டால், வெள்ளி கண்ணாடிக்குள் ஊடுருவி நுண்துகளாகி மஞ்சள் நிறம் தரும். எலுமிச்சை மஞ்சள் முதல் ஆரஞ்சு வரை, பூசும் அளவுக்கும் சூட்டுக்கும் ஏற்ப நிறம் மாறும். அதற்கு முன்னர்ப் புனிதரின் தலையைச் சூழ்ந்த ஒளிவட்டத்திற்கு வேறொரு கண்ணாடித் துண்டை வெட்டி ஈயத்தால் இணைக்க வேண்டியிருந்தது. இப்போதோ முகமும் முடியும் ஒளிவட்டமும் ஒரே கண்ணாடியில் அமைந்தன. மாபெரும் பேராலயம் அன்று, ஒரு கிராமப் பங்கு ஆலயமே இதற்குச் சாட்சியாய் நிற்கின்றது என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

முத்திப்பேறு பெற்ற உல்ம் நகர் யாக்கோபு (1407–1491) என்னும் தொமினிக்கன் சபைச் சகோதரர், கண்ணாடி ஓவியர்களின் பாதுகாவலராய்ப் போற்றப்படுகின்றார். ஜெர்மனியில் பிறந்து, இத்தாலியின் போலோஞ்ஞா நகர் மடத்தில் வாழ்ந்து, கண்ணாடி ஓவியங்கள் தீட்டிய இவருக்கு 1825இல் திருத்தந்தை 12ஆம் சிங்கராயர் முத்திப்பேறு பட்டம் அளித்தார். இவருடைய அங்கியின் வெள்ளிப் பொத்தான் சூளையில் கண்ணாடிமேல் விழுந்து உருக, அதனால் மஞ்சள் நிறத்தை இவர் கண்டுபிடித்தார் என்பது செவிவழிக் கதை. ஆனால் மெனில் வில்மான் சாளரமோ இவர் பிறப்பதற்கு 94 ஆண்டுகள் முந்தியது. ஆகவே பொத்தான் கதை வரலாறாகாது. ஆயினும் அச்சகோதரரின் தாழ்ச்சிக்கும் கீழ்ப்படிதலுக்கும் பொத்தான் தேவையில்லை. புனிதரைப் பெருமைப்படுத்த உண்மையே போதும்.

எழுதி வைத்த குருவானவர்

இனி நம் வரலாற்றின் நடுநாயகத்திற்கு வருவோம். அருட்திரு அந்தோனியோ நேரி, இத்தாலியின் புளோரன்சு நகரத்துக் குருவானவர். கண்ணாடி உலைகளில் பல ஆண்டுகள் உழைத்து, தம் கையால் செய்து பார்த்தவற்றைத் தொகுத்து, 1612இல் கண்ணாடிக் கலை பற்றி ஏழு பகுதிகள் கொண்ட நூலை வெளியிட்டார். அக்காலத்தில் கண்ணாடி செய்வோர் தம் தொழில் இரகசியத்தை உயிரினும் மேலாய்க் காத்தனர். வெனிசு நகரத்து முரானோத் தீவின் தொழிலாளர் வேற்றூர் சென்று தொழில் செய்யவும் தடை இருந்தது. அத்தகைய காலத்தில், அறிந்ததையெல்லாம் அச்சில் ஏற்றினார் இக்குருவானவர். பொன்னை இராஜ திராவகத்தில் கரைத்து, வற்றவைத்துச் சிவந்த தூளாக்கி, தெளிந்த கண்ணாடியில் சிறிது சிறிதாய்ச் சேர்த்து மாணிக்கச் சிவப்பைப் பெறும் முறையும் அந்நூலில் உண்டு. இரண்டே ஆண்டுகளில், 1614இல், அவர் இறைவனடி சேர்ந்தார்.

ஆனால் நூல் இறக்கவில்லை. 1662இல் ஆங்கிலத்திலும், 1679இல் ஜெர்மன் மொழியிலும் வெளிவந்தது. ஜெர்மன் மொழியில் பெயர்த்தவர் யோகான் குங்கல். அவரே பொன்சிவப்புக் கண்ணாடியைத் திறம்படச் செய்து அரசவைகளுக்கு அனுப்பிப் புகழ்பெற்றார். உலையினின்று எடுக்கும்போது பொன் கலந்த கண்ணாடி பெரும்பாலும் நிறமற்றிருக்கும். மீண்டும் அளவாய்ச் சூடேற்றும்போதுதான் பொன்னணுக்கள் ஒன்றுகூடித் துகளாகிச் சிவப்பு எழும். அந்தச் சூட்டின் பக்குவத்தில்தான் வித்தை முழுவதும் அடங்கியிருந்தது. நேரியின் நூலால் பயன்பெற்ற குங்கலோ, தம் பொன்சிவப்பின் நுணுக்கத்தை அதே நூலில் வெளியிடாது வைத்துக்கொண்டார்! ஒருவர் திறந்து வைத்த கதவின் வழியே நுழைந்த மற்றொருவர், தமக்குப் பின்னால் அதைச் சாத்திக்கொண்டார் எனலாம்.

அறிவியலார் கண்ட விடை

பொன் ஏன் சிவக்கின்றது என்னும் கேள்வியை அறிவியல் நோக்கில் எடுத்துக்கொண்டவர் மைக்கேல் பாரடே. 1857இல் இலண்டன் இராயல் கழகத்தில் அவர் ஆற்றிய உரையில், பொன்னை மிக நுண்ணியதாய்ப் பிரித்து நீரில் நிறுத்தினால் நீர் சிவக்கின்றது என விளக்கினார். அவர் செய்த பொன்னீர்ப் புட்டிகள் சில, இலண்டனிலுள்ள இராயல் நிறுவனத்தில் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன.

வியன்னாவில் பிறந்த ரிச்சர்டு சிக்மான்டி, கண்ணாடித் தொழிற்சாலையிலும் பணிபுரிந்தவர். சாதாரண நுண்ணோக்கிக்குத் தெரியாத துகள்களையும் அவை சிதறடிக்கும் ஒளிப்புள்ளிகளால் காணத்தக்க கருவியைச் சீடன்டோப்பு என்பவரோடு சேர்ந்து 1903இல் உருவாக்கினார். இருண்ட அறையில் சாளர இடுக்கு வழியே வரும் கதிரில் தூசி மின்னுவதை நாம் காண்பதில்லையா? அதே தத்துவம்தான். இத்துறைப் பணிக்காக 1925ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1908இல் குஸ்தாவ் மீ என்னும் ஜெர்மானியப் பேராசிரியர், உருண்டைத் துகள் எந்த நிறத்தைப் பிடிக்கும், எதைச் சிதறடிக்கும் என்பதைக் கணக்காகவே எழுதிக்காட்டினார். இன்றும் ஆய்வாளர் அக்கணக்கையே அடிப்படையாய்க் கொள்கின்றனர்.

இவை நமக்குத் தொலைவான செய்திகள் என எண்ண வேண்டாம். 2020இல் தொடங்கிய கொரோனாக் கொள்ளைநோய்க் காலத்தில், விரைவுச் சோதனை அட்டையில் சிவப்புக் கோடு விழுகின்றதா என அஞ்சிக் காத்திருந்த நாள்களை நம்மில் பலர் மறக்கவில்லை. அத்தகைய அட்டைகள் பலவற்றில் அந்தச் சிவப்புக் கோடு நுண்ணிய பொன் துகள்களால் ஆனது. நேரியின் உலையில் சிவந்த அதே பொன், நம் வீட்டு மேசையில் நோயை அறிவித்தது.

நமது சாளரமும் நமது ஏடும்

புதுச்சேரி திரு இருதய ஆண்டவர் பேராலயத்தின் புனிதர் சாளரங்களைக் கண்டு வியந்தவர் நம் பங்கில் பலர். நமது ஆலயத்தின் சாளரம் அவற்றோடு ஒப்பிடத்தக்கதன்று, சிறியது. அதன் சிவப்பு பொன்னாலா, செம்பாலா, வேறு பொருளாலா என்பதைச் சோதிக்காமல் சொல்லுவது தகாது. அதைவிட வருத்தத்திற்குரிய செய்தி ஒன்றுண்டு. அதனைச் செய்தவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தது, யாருடைய காணிக்கையால் வாங்கப்பட்டது என்னும் விவரம் பங்கின் ஏடுகளில் எங்கும் எழுதப்படவில்லை. ஐம்பது ஆண்டுகளே ஆகியிருக்கின்றன, அதற்குள் மறந்துவிட்டோம்!

உரோமைக் கைவினைஞர் எழுதிவைக்காததால் ஒரு வித்தை 1,600 ஆண்டுகள் விளங்காப் புதிராய்க் கிடந்தது. ஒரு குருவானவர் எழுதிவைத்ததால் மற்றொரு வித்தை நாடு விட்டு நாடு சென்று வாழ்ந்தது. இவ்விரண்டில் நாம் எதனைத் தேர்ந்துகொள்ளப் போகின்றோம்? நம் ஆலயம் எழும்பியபோது மண் சுமந்தவர்கள், வீடுதோறும் பிடி அரிசி சேர்த்தவர்கள், வெள்ளிவிழா ஆண்டில் மணிக்கூண்டுக்கு உழைத்தவர்கள் ஆகியோருள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கின்றார்கள். அவர்கள் நினைவில் உள்ளதை இவ்வாண்டிலேயே கேட்டு எழுதிவைப்போமாக. கேட்டதைச் சரிபார்த்து எழுதுவோமாக. அழகுக்காகப் பொத்தான் கதைகளைச் சேர்க்க வேண்டாம். செம்பைச் செம்பென்றே எழுதுவோம்.

ஒரு கிலோ கண்ணாடியில் 40 மில்லிகிராம் பொன் கண்ணுக்குத் தெரியாது. நிறுத்துப் பார்த்தாலும் எளிதில் அகப்படாது. ஒளி வந்து படும்போதுதான் அது அங்கிருப்பதை அறிகின்றோம். நம் பங்கிலும் அவ்வாறு பெயர் தெரியாமல் கலந்து கிடப்போர் பலர். அவர்கள் பெயர்களை ஏட்டிலேற்றும் நற்பணிக்கு இப்பொன்விழா தொடக்கமாய் அமைய, எல்லாம் வல்ல இறைவனும் நம் பாதுகாவலரும் துணைபுரிவார்களாக!